வெள்ளை விரலும் பாம்பு வேரும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கிரைண்டிங் மெஷின் பிடித்த என் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு மார்கழி வந்தால் போச்சு. விடியற்காலையில் சைக்கிள் ஹேண்டில்பாரைத் தொட்டதும் நாலு விரலும் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுக்கும். அப்புறம் நீலம். சூடேறினால் சிவந்து எரியும். "ரத்தம் கம்மி" என்று வீட்டில் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள்!

ரத்தம் கம்மியில்லை, வழி அடைபடுகிறது. குளிரில் விரலின் ரத்தக்குழாய் இறுகிப்போகும் இந்தச் சங்கதியை 1862-ல் பாரீஸில் மொரீஸ் ரெய்னோ தன் ஆய்வேட்டில் எழுதினார். அதிரும் கருவி பிடிப்பவர்களுக்கும் இது வரும் என்பதை 1918-ல் அமெரிக்காவின் இண்டியானா சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களிடம் ஆராய்ந்து சொன்னவர் ஆலிஸ் ஹாமில்டன்.

எண்பதுகளில் அண்ணாச்சிக்கு பி.பி. வந்தது. டாக்டர் எழுதியது அடெல்ஃபேன் எசிட்ரெக்ஸ். அந்த மார்கழியில் விரல் பரவாயில்லை என்றார். "எல்லாம் நீர் மாத்திரை மகிமை தம்பி!"

நான் பி.காம். வரவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று பார்ப்பது பழக்கம். அந்த மாத்திரையில் மூன்று சரக்கு. ஒன்று நீர் மருந்து. உப்பையும் நீரையும் வெளியேற்றும். இன்னொன்று குழாயைத் தளர்த்தும் டைஹைட்ரலஸின். மூன்றாவது ரிசர்பின். அது நம்ம சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்தது!

1931-லேயே கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அந்த வேர் ரத்தக் கொதிப்புக்கும் சித்தப்பிரமைக்கும் உதவுகிறது என்று எழுதினார்கள். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதியதும்தான் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி ரிசர்பினைப் பிரித்தெடுத்தது. வேர் நம்முடையது, லாபம் அவர்களுடையது!

குழாயை இறுக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் நார்-அட்ரினலின் சரக்கையே ரிசர்பின் காலி செய்துவிடும். அதனால் அறுபதுகளில் அமெரிக்க டாக்டர்கள் ரெய்னோ நோயாளிகளின் கைத் தமனியிலேயே அதை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். சிலருக்கு விரல் சூடானது. ஆனால் மூக்கடைப்பு, மனச்சோர்வு என்று புகார்கள் சேர, ரிசர்பின் ஓரங்கட்டப்பட்டது. இன்று ரெய்னோவுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது நிஃபெடிபின் வகை.

அண்ணாச்சிக்குக் கடைசியில் டெஸ்பாட்ச் செக்‌ஷனுக்கு மாற்றல் கிடைத்தது. மார்கழியில் மட்டும் கையில் மகனின் பழைய ஸ்கூல் சாக்ஸை மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பார்.