நான்கு திசுக்களும் நம் திருமணி ஆஸ்பத்திரியும்



எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. வகுப்பில் இதை எத்தனை முறை ஒப்பிக்கச் சொல்லியிருப்பேன்! 1801-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பிஷா, நுண்ணோக்கி இல்லாமலேயே 21 வகைத் திசுக்களைப் பிரித்துக் காட்டினார். பின்னால் வந்தவர்கள் அவற்றை நான்கு அடிப்படை வகைகளில் அடக்கினார்கள்.

மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் ஒரு சிற்பியின் கையைப் பாருங்கள். காய்த்துப்போன மேல்தோல் எபிதீலியம். எலும்பும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் இணைப்புத் திசு. இழுப்பது தசை. 'வலிக்கிறது, நிறுத்து' என்று சொல்வது நரம்பு.

அந்த நரம்பு செத்துப்போனால் என்ன ஆகும்? இதற்கான விடை தெளிவானதில் நம் செங்கல்பட்டுக்கும் பங்கு உண்டு.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் தொடங்கியது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. அங்கே பணியாற்றிய டாக்டர் காக்ரேன் அழைத்ததன் பேரில், வேலூர் சி.எம்.சி.யிலிருந்து அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1947 வாக்கில் வந்தார். விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. வலி தாங்காமல் துடித்தவர் டாக்டர்தான்!

சதை அழுகிவிட்டது என்று ஊரே நம்பிய கையில் அவ்வளவு பலம். அப்படியானால் தசை கெடவில்லை. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். அதனால் முழங்கை போல, தோலுக்கு அருகில் நரம்பு ஓடும் இடங்களில் அது தங்கிவிடுகிறது. நரம்பு கெட்டதும் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன, விரல்கள் மடங்குகின்றன. முன்கைத் தசைகளோ நன்றாகவே இருக்கின்றன. அவற்றின் தசைநாணை வேறு வழியில் கொண்டுபோய் விரலில் இணைத்து, மடங்கிய விரல்களை வேலூரில் நிமிர்த்தினார் பிராண்ட். விரல்கள் தானாக உதிர்வதில்லை. சூடும் வெட்டும் தெரியாததால் புண்ணாகி, அப்புண் ஆறாமல் குறைகின்றன என்பதையும் எடுத்துக் காட்டினார்.

1955-இல் அந்த மருத்துவமனையை மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது.

'அந்த வியாதிக்காரன்' என்று ஒதுக்கிய வார்த்தைகளை நம் பக்கத்து ஊர்களில் நிறையவே கேட்டிருக்கிறேன். குடும்பம் கைவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளே, உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் மறைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம். முழுவதும் குணமாகும். நரம்பு கெடும் முன்னே போய்விட்டால் ஊனமும் இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.