கடிதம் எழுதியவர் முதல் உலாவி செய்தவர் வரை: சிங்கப்பூரில் இடையில் நின்றவர்களின் வரலாறு

ஒருவர் சொல்வதை மற்றொருவரிடம் கொண்டு சேர்ப்பவர் அதை எவ்வளவு தூரம் படிக்கலாம், படித்ததை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்பது சிங்கப்பூருக்கு இணையத்தோடு வந்து சேர்ந்த கேள்வி என்று பலரும் எண்ணுகிறார்கள். சைனாடவுனின் வரலாற்றைப் பார்த்தால் அக்கேள்வி இணையத்தைவிட நூறாண்டுக்கும் மேல் மூத்தது. தென்சீனக் கரையிலிருந்து கப்பலேறி வந்த கூலித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஊரில் விட்டுவந்த தாயோடும் மனைவியோடும் அவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் இடையில் நின்ற ஒருவரின் கை வழியாகவே போயிற்று. இன்று இணையப் பக்கங்களைத் தேடி எடுத்துத் திரையில் காட்டும் மென்பொருளாகிய உலாவியும் அதே இடத்தில்தான் நிற்கிறது. வங்கிக் கணக்கு, மருத்துவச் சந்தேகம், நள்ளிரவில் தேடிய சொல் ஆகிய அனைத்தும் அதைக் கடந்தே போகின்றன.

சைனாடவுனில் இந்த இடைநிலை வேலையைச் செய்தவர் தெருவோரக் கடிதம் எழுதுபவர். கடைவீடுகளின் முன்புறம் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க விடப்பட்ட ஐந்தடி நடைபாதையில் ஒரு சிறு மேசை, தூரிகை, மைக்கல், தாள்கட்டு ஆகியவற்றோடு அவர் அமர்ந்திருப்பார். கட்டட வேலை செய்த சம்சுயிப் பெண்களும் படகுத் தொழிலாளர்களும் ரிக்‌ஷா இழுத்தவர்களும் எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைத் தங்கள் வட்டார மொழியில் சொல்வார்கள். அவர் அதைக் கடித நடைக்கு மாற்றி எழுதுவார். பதில் வந்தால் வாசித்துக் காட்டுவதும் அவரே. சீனப் புத்தாண்டு நெருங்கும்போது வாசலில் ஒட்டும் சிவப்புத் தாள் வாழ்த்துகளை எழுதிக் கொடுத்ததும் அதே தூரிகைதான். ஒரு தெருவின் கடன்கள், நோய்கள், குடும்பச் சண்டைகள், மறைத்துவைத்த இரண்டாம் திருமணங்கள் யாவும் தெரிந்த மனிதர் அவர். அவரைக் கட்டுப்படுத்த எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. அவர் அமர்ந்திருந்த இடமும், வாடிக்கையாளரோடு அவருக்கு இருந்த ஊர், மொழி, குலச் சங்கத் தொடர்புகளுமே கட்டுப்பாடாக இருந்தன; கேட்டதை வெளியே சொல்பவர் என்று பெயரெடுத்தவரின் மேசைக்கு மறுநாள் யார் வருவார்கள்?

எழுதிய கடிதத்தைக் கொண்டுசேர்த்தவை பணமனுப்பும் கடிதக் கடைகள். கடிதமும் பணமும் சேர்ந்தே பயணம் செய்த இம்முறையைச் சீனர்கள் சியாவ்பி என்று அழைத்தனர். இத்தகைய கடிதங்களின் தொகுப்பு 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. உறையின் மேல் பெறுபவரின் ஊரும் பெயரும், ஓரத்தில் அனுப்பும் தொகையும், கடையின் வரிசைக் குறியீடும் இருக்கும். வரிசைக் குறியீட்டுக்குச் சீனச் சிறுவர்கள் மனப்பாடம் செய்த ஆயிரம் எழுத்துப் பாடத்தின் எழுத்துகளைப் பயன்படுத்திய கடைகளும் உண்டு. பணம் கைக்கு வந்ததும் ஊரில் இருப்பவர் ஒரு சிறு தாளில் பதில் எழுதிக் கொடுக்க, அது அதே குறியீட்டோடு சிங்கப்பூருக்குத் திரும்பி வரும். இந்தத் திரும்புகடிதமே முறையின் உயிர். பணமனுப்பியவருக்குக் கடைக்காரரை நம்பியே ஆகவேண்டிய நிலை இல்லை. தாயின் கைநாட்டோ மகனின் கையெழுத்தோ வந்ததா என்று அவரே பார்த்துக்கொள்ள முடிந்தது. தொகை அளவில் மட்டுமே இந்தச் சரிபார்ப்பு செல்லுபடியாயிற்று என்பதையும் சொல்லவேண்டும். கடிதத்தை வழியில் யார் படித்தார் என்பதைத் திரும்புகடிதம் காட்டாது.

காலனி அரசு இந்த வணிகத்தில் கைவைத்தபோது இரத்தம் சிந்தியது. தொழிலாளரின் பணம் வழியில் சுரண்டப்படுகிறது என்று காரணம் காட்டி, சீனாவுக்குப் போகும் கடிதங்களையும் பணத்தையும் கையாளத் தனி அஞ்சல் கிளை ஒன்றை மார்க்கெட் ஸ்திரீட்டில் திறக்க அரசு ஏற்பாடு செய்தது. இத்தொழிலை நடத்திய தியோச்சூச் சீன வணிகர்களின் இலாபத்தில் அது விழுந்த அடி. கிளையை நடத்தவிருந்தவர்களின் தலைக்கு விலைவைத்த சுவரொட்டிகள் நகரில் ஒட்டப்பட்டன; 1876 டிசம்பர் 15 அன்று கூட்டம் கிளையைத் தாக்கிற்று, போலிஸ் சுட்டது, உயிர்கள் போயின. கலகத்தில் இறங்கியவர்கள் தனியுரிமைக்காகப் போராடினார்கள் என்று எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம், அது தொழில்பூசல். எனினும் கடிதம் செல்லும் வழியைக் கையில் வைத்திருப்பவர் மக்களையே கையில் வைத்திருக்கிறார் என்பதை அரசும் வணிகரும் ஒருங்கே உணர்ந்திருந்தனர் என்பதற்கு அந்த நாள் சான்று. அடுத்த ஆண்டே சீனர் பாதுகாப்பு அலுவலகம் வில்லியம் பிக்கரிங் தலைமையில் அமைந்தது.

கலகம் நடந்த மார்க்கெட் ஸ்திரீட் தமிழருக்கு வேறு வகையில் பழகிய பெயர். நகரத்தாரின் கிட்டங்கிகள் அத்தெருவில்தான் இருந்தன. ஒரே நீண்ட கூடத்தில் பல நிறுவனத்தார் தத்தம் பெட்டிகளோடு தரையில் அமர்ந்து வட்டித்தொழில் நடத்தியதால், கடன் கேட்டு வந்தவரின் நிலைமை அடுத்த பெட்டிக்காரரின் காதிலும் விழக்கூடியதாக இருந்தது. 1970களின் நகரச் சீரமைப்பில் அக்கிட்டங்கிகள் மறைந்தன. எழுத்தறிவும் தொலைபேசியும் பரவப் பரவ, கடிதம் எழுதுபவர்களின் மேசைகளும் குறைந்துபோயின.

இணையம் வந்தபோது இடைநிலையாளர் முகமற்றவரானார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டெக்நெட் என்னும் ஆய்வு வலையமைப்பில், 1994இல் பயனர்களின் படக் கோப்புகள் ஆபாசம் தேடிச் சோதிக்கப்பட்டன. அதே காலத்தில் தமிழுக்கு ஒரு பெரும் நன்மையும் இங்கேயே நடந்தது. நா. கோவிந்தசாமி தாம் உருவாக்கிய கணியன் எழுத்துரு முறையின் துணையோடு தமிழை இணையத்தில் ஏற்றினார். 1995 அக்டோபர் 27 அன்று அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கிவைத்த நான்குமொழிக் கவிதைத் தொகுப்பில் தமிழ்க் கவிதைகளும் திரையில் தோன்றின. 1997 மே மாதம் உலகின் முதல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடிற்று. அன்றைய உலாவி தமிழைத் தானாகக் காட்டாது. படிக்க விரும்பியவர் எழுத்துருவைத் தம் கணினியில் தாமே நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது.

1999இல் நடந்தது இன்னும் நினைவில் வைக்கத்தக்கது. சிங்நெட் இணையச் சேவை நிறுவனம், உள்துறை அமைச்சின் தகவல்தொழில்நுட்பப் பாதுகாப்புப் பிரிவின் உதவியோடு, ஏறத்தாழ 200,000 வாடிக்கையாளரின் கணினிகளை அவர்களிடம் சொல்லாமலே சோதித்தது. கிருமிகளும் பாதுகாப்பு ஓட்டைகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பதே நோக்கம் என்று விளக்கப்பட்டது. செய்தியை வெளிக்கொண்டுவந்தவர் ஒரு சட்ட மாணவி. தம் கணினிக்குள் வெளியார் நுழைய முயல்வதைப் பாதுகாப்பு மென்பொருள் காட்டியபோது அவர் போலிசில் புகார் கொடுத்தார். தடம் அமைச்சு வரை சென்றது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

உலாவியின் கதைக்கும் சிங்கப்பூரில் ஒரு தொடக்கம் உண்டு. தமிழில் அது அதிகம் எழுதப்படவில்லை. 2000களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலகக் கணினிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில் ஆட்சி செய்தது. ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் திறக்கும் வசதி 2006 வரை அதில் வரவில்லை. சாங்யூ என்ற பெயரில் எழுதிய சீன நிரலாளர் ஒருவர் அந்தக் குறையைத் தீர்க்க மை-ஐஇ என்னும் மென்பொருளை எழுதி, பின்னர் விலகிவிட்டார். அப்போது சிங்கப்பூரில் வசித்த ஜெஃப் சென் அவருடைய அனுமதியோடு மூல நிரலை எடுத்துக்கொண்டு, மை-ஐஇ 2 என்று தொடர்ந்தார். இணையப் பக்கத்தின் நிரலை வாசித்துப் படமாகவும் எழுத்தாகவும் திரையில் வரையும் உள்பகுதியை உலாவிப் பொறி என்பர். சென்னின் படைப்பில் பொறி மைக்ரோசாஃப்ட்டுடையதாகவே இருக்க, அதைச் சுற்றிய கூடு மட்டும் புதிதாக அமைந்தது. பயனர்கள் பிழைகளைச் சுட்டினார்கள், செருகுநிரல்களை எழுதிக் கொடுத்தார்கள், தோற்றங்களை வரைந்து தந்தார்கள். விரைவிலேயே மேக்ஸ்தான் என்று பெயர் மாறிய அந்த உலாவி, பெருநிறுவனத்தின் நிழலில் நில்லாத சுதந்திர உலாவி என்ற மதிப்பைப் பெற்றது. 2005இல் முதலீடு கிடைத்ததும் சென் நிறுவனத்தைப் பெய்ஜிங்கிற்கு மாற்றினார். 2010இல் ஐரோப்பிய ஆணையத்தின் வற்புறுத்தலால் மைக்ரோசாஃப்ட் தன் பயனர்களுக்குக் காட்டிய பன்னிரண்டு உலாவிகளின் பட்டியலில் மேக்ஸ்தானும் இருந்தது.

அந்த மதிப்பு 2016இல் சரிந்தது. போலந்தின் எக்ஸாடெல் நிறுவனமும் அமெரிக்காவின் ஃபிடெலிஸ் நிறுவனமும் வலையமைப்புப் போக்குவரத்தைக் கவனித்தபோது, மேக்ஸ்தான் ஒரு சிறு சுருக்கக் கோப்பைத் திரும்பத் திரும்பப் பெய்ஜிங்கில் உள்ள வழங்கிக்கு அனுப்புவது தெரிந்தது. கோப்பு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது. அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி உருமாற்றப்பட்டிருந்தது. ஆனால் சாவி உலாவியின் நிரலுக்குள்ளேயே பதிந்து கிடந்ததால் ஆய்வாளர்கள் அதைத் திறந்துவிட்டனர். உள்ளே கணினியின் நினைவக அளவு, திரையளவு, நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியல் ஆகியவற்றோடு பயனர் சென்ற இணைய முகவரிகளும் கூகலில் தேடிய சொற்களும் இருந்தன. பயனர் அனுபவத்தை மேம்படுத்தும் திட்டம் என்ற பெயரில் இத்தரவு திரட்டப்பட்டது. விரும்பியவர் மட்டும் சேரலாம் என்று சொல்லப்பட்ட அத்திட்டத்தில் சேர மறுத்தவர்களிடமிருந்தும் கோப்பு போய்க்கொண்டிருந்தது என்பதே ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பு. இதில் கவனிக்கவேண்டியது, அந்த உலாவி சுதந்திரமானது என்பது பொய்யன்று என்பதே. அது உண்மையிலேயே சிறிய நிறுவனம், உண்மையிலேயே பயனர்களால் வளர்ந்த மென்பொருள். உரிமையாளர் சிறியவராக இருப்பதும் பெருநிறுவனத்தைச் சாராதிருப்பதும் பயனருக்கு எந்தப் பாதுகாப்பையும் தாமாகக் கொண்டுவரவில்லை.

இதனால் சுதந்திர உலாவியே வேண்டியதில்லை என்று முடிவுகட்டுவது தவறு. கூகல் தலைமையில் உருவாகும் குரோமியத்தின் மேல்தான் குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ், விவால்டி, மேக்ஸ்தானின் ஆறாம் பதிப்பு எல்லாம் நிற்கின்றன. ஆப்பிளின் வெப்கிட் தனி. பரவலான பயன்பாட்டில் இவ்விரு நிறுவனங்களுக்கும் வெளியே எஞ்சியிருக்கும் பொறி மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸில் உள்ள கெக்கோ. அந்த மொசில்லாவுக்கும் வருவாயின் பெரும்பகுதி கூகலைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கிடைக்கும் பணமே. பிற உலாவிகளின் நிரலை அடிப்படையாகக் கொள்ளாமல் புதிய பொறியை எழுதும் லேடிபேர்ட் திட்டம் 2024இல் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவாயிற்று. விளம்பரத்தால் வாழும் நிறுவனமே பயனர் பார்க்கும் அனைத்தையும் வரைந்து காட்டும் பொறியையும் எழுதுவது ஆபத்தான நிலை. அதற்கு மாற்று இருந்தே ஆகவேண்டும்.

சட்டத்தின் பங்கைச் சுருங்கச் சொல்லலாம். சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறி, 2014 ஜூலையில் முழுமையாக நடப்புக்கு வந்தது. தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அச்சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு வேறு விதிகள் உள்ளன.

சைனாடவுனின் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸிலும் தேக்காவிலும் வெளிநாட்டு ஊழியர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பும் கடைகள் இன்றும் இயங்குகின்றன. அவர்களில் பலர் கைப்பேசி வழியாகவே அனுப்பப் பழகிவிட்டனர். பணம் போய்ச்சேர்ந்ததைத் திரை உடனே காட்டிவிடுகிறது. பழைய திரும்புகடிதம் காட்டாமல் விட்டதை, அதாவது வழியில் யார் படித்தார் என்பதை, திரையும் காட்டுவதில்லை. 1999இல் அதைக் கண்டுபிடித்தவர் ஒரு மாணவி; 2016இல் கண்டுபிடித்தவர்கள் வலையமைப்பைக் கவனித்த வெளியார். அதற்கு உதவும் கருவிகள் இப்போது எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் எங்கே போகிறது என்று காட்டும் வயர்ஷார்க் அவற்றில் ஒன்று. உலாவியின் அமைப்புகளில் தரவு அனுப்பும் தெரிவை அணைத்தபின் உண்மையில் எதுவும் போகவில்லையா என்று சோதிக்கும் முறையைத் தமிழில் படங்களோடு விளக்கும் கையேடுகளைச் சிங்கப்பூரின் தமிழ் மாணவர்களும் கணினி ஆசிரியர்களும் எழுத முன்வர வேண்டும். தமிழை இணையத்தில் ஏற்றுவதில் முன்னோடியாக நின்ற ஊருக்கு அந்தப் பணியில் மற்றவரைவிடக் கூடுதல் கடமை உண்டு.