ஓசூர் கடிகாரமும் எலக்ட்ரானிக் சிட்டி மென்பொருளும்

2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்து ஊர். ஆகவே டைட்டன் கடிகார ஆலையும் தருமபுரி மாவட்டத்தில் பிறந்ததுதான். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக 1984-ல் தொடங்கிய நிறுவனம் அது. கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த பையன்களையும் பெண்களையும் எடுத்து, தொழிலை முதலிலிருந்து கற்றுக்கொடுத்து வேலையில் அமர்த்தினார்கள். இன்று பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள் செட்டிக்கரையிலோ பர்கூரிலோ பொறியியல் படித்துவிட்டு, அதே ஓசூரைக் கடந்து பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறார்கள். மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்குத் திறந்த இரண்டு பெரிய வாசல்கள் இவை. கடிகாரத் தொழில், மென்பொருள் தொழில் இரண்டிலுமே தேவைப்படும் திறன் மாறியது. மாறியபோது சுமை யார் தலையில் விழுந்தது என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன.

கடிகாரத்தை முதலில் பார்ப்போம். சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் சுருள்வில்லாலும் பல்சக்கரங்களாலும் ஓடுவது. அதைக் கோக்க ஆண்டுக்கணக்கில் பழகிய விரல்கள் வேண்டும். நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகமும் ஒரு சின்ன பேட்டரியும் வந்ததும் அந்தப் பழக்கத்துக்கு மதிப்புக் குறைந்தது. சுவிட்சர்லாந்தில் 1970 வாக்கில் சுமார் 90,000 பேர் பார்த்த வேலையை எண்பதுகளின் நடுவில் சுமார் 30,000 பேரே பார்த்தார்கள். நம் பக்கத்தில் அடி வாங்கியது எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் அது. சாவி கொடுக்கும் கடிகாரத்தையே பெரிதும் நம்பியிருந்தது. குவார்ட்ஸோடு களமிறங்கிய டைட்டன் சந்தையைப் பிடித்தது. ஆனால் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது 2016 ஜனவரியில்தான். இடையில் சம்பளம் தள்ளிப்போனது, விருப்ப ஓய்வுத் திட்டங்கள் வந்தன. அங்கே வேலை செய்தவர்கள் பட்ட கஷ்டம் சின்னதல்ல. இருந்தாலும் பழைய திறன் செல்லாமல் போனதற்கும் வாசல் மூடப்பட்டதற்கும் நடுவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடைத்தன.

மென்பொருளில் அந்த அவகாசம் இல்லை. 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்கக் கோபால் (COBOL) என்ற நிரல்மொழி தெரிந்தவர்களைத் தேடினார்கள், பிறகு ஜாவா, பிறகு ஆளே உட்கார்ந்து சோதிக்கும் டெஸ்டிங், அதைத் தானாகச் செய்யும் செலினியம், பிறகு கிளவுட். இப்போது நிரலையே செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரை, வெளியேற்றப்போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருந்தவர்கள். செயற்கை நுண்ணறிவு இதற்குக் காரணமில்லை, திறன் பொருந்தாததும் வேறு பணிகளில் அமர்த்த முடியாததுமே காரணம் என்றார் தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன். அதற்கு முந்தைய நிதியாண்டில் அந்த நிறுவனத்தின் நிகர லாபம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். எச்.எம்.டி. நஷ்டத்தில் மூழ்கி ஆட்களை இழந்தது. இங்கே லாபம் குறையாமலே ஆட்கள் போகிறார்கள். இந்த வேறுபாட்டைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

அதே 2025-ல், ஜூன் மாதம், டி.சி.எஸ். ஒரு விதியும் கொண்டுவந்தது. வாடிக்கையாளருக்குக் கணக்குக் காட்டக்கூடிய வேலையில் ஆண்டுக்கு 225 நாட்கள் இருக்க வேண்டும். ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பது 35 நாட்களைத் தாண்டக் கூடாது. அந்த 35 நாட்களுக்குள் புதிதாக ஒன்றைக் கற்று, நேர்காணல் முடித்து, அடுத்த ப்ராஜெக்டைப் பிடித்தாக வேண்டும். ஓசூரில் சம்பளத்தோடு ஆலை நேரத்தில் நடந்த பயிற்சி, இங்கே ஷிப்ட் முடிந்து பி.ஜி. அறையில், சொந்தக் காசில், தூக்கத்தைக் கெடுத்து நடக்கிறது. வயது நாற்பதைத் தாண்டி, வீட்டுக் கடனும் ஊரில் வயதான பெற்றோரும் இருப்பவரால் அதை எத்தனை முறை செய்ய முடியும்?

சட்டமும் ஆலைத் தொழிலாளியையும் மென்பொருள் ஊழியரையும் ஒன்றுபோல் நடத்தவில்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி, 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஆட்குறைப்புச் செய்ய அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. ஆனால் அது ஆலை, சுரங்கம், தோட்டம் மூன்றுக்கு மட்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக்கிவிட்டது. மென்பொருள் அலுவலகம் அன்றும் வெளியே, இன்றும் வெளியே. பணி நிபந்தனைகளை வரையறுக்கும் நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐ.டி. துறைக்குத் தந்த விலக்கைக் கர்நாடக அரசு 2024-ல் மேலும் ஐந்தாண்டுகள் நீட்டியது. தருமபுரிப் பிள்ளைகள் அதிகம் போவது அந்த மாநிலத்துக்கே.

தமிழ்நாட்டில் கொஞ்சம் வெளிச்சம் உண்டு. 2015 ஜனவரியில், கருவுற்றிருந்த டி.சி.எஸ். ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று 2016-ல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. புதிய தொகுப்பில் ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளிக்கு மறுதிறன் நிதியாக 15 நாள் ஊதியம் என்று இருக்கிறது. 15 நாள் ஊதியத்தில் எந்தத் தொழிலைக் கற்பது? அதுவும் ‘ஆட்குறைப்பு’ என்று பதிவானால்தான். பெரும்பாலும் அப்படிப் பதிவாவதில்லை. ராஜினாமா கடிதம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

ஓசூரைப் பொற்காலமாகக் காட்ட நான் வரவில்லை. அங்கும் இப்போது ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும் பெருகிவிட்டார்கள். நிரந்தர வேலை அருகிவிட்டது. சம்பள உயர்விலும் மென்பொருள்தான் முந்துகிறது. ஆனால் முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகையிலும் கல்விக் கடனிலும் படித்து வந்த பிள்ளைக்கு, இன்னும் இருபது ஆண்டுகள் வேலை இருக்கும் என்ற உறுதி சம்பளத்துக்குச் சமம். கற்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கில் ஏறாத வரை அந்த உறுதி வராது. அதை நிறுவனங்கள் தாமாகத் தரப்போவதில்லை. சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை, பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஒவ்வோர் ஆண்டின் அப்ரைசல் அறிக்கை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். நீங்கள் வேலை பார்க்கும் ஊரில் இயங்கும் ஐ.டி. ஊழியர் சங்கத்தில் வேலை நன்றாக இருக்கும்போதே சேருங்கள். ராஜினாமா கடிதத்தை நீட்டினால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்.