தாந்தில் சிறையின் சாளரம்

அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரிஸ் மாகாணத்தில், குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த ஊர் தாந்தில். 1823இல் எல்லைக் கோட்டையாகத் தோன்றிய இவ்வூரில், டென்மார்க்கின் லோலான் தீவில் பிறந்த ஹான்ஸ் ஃபூகல் 1848இல் குடியேறினார். கால்நடையே செல்வமாகக் கருதப்பட்ட பாம்பாஸ் புல்வெளியில் அவர் கோதுமை விதைத்தார். மாவரைக்க நீராலை நிறுவினார். அவரைத் தொடர்ந்து டேனிய உழவர் குடும்பங்கள் வந்தன. ஹான்ஸ், ஹுவான் ஆனார். ஊராட்சிப் பொறுப்புகளையும் ஏற்றார். ஆயினும் டேனியர், பாஸ்க்கியர், இத்தாலியர், ஆங்கிலேயர் அனைவரையும் உள்ளூரார் ‘கிரிங்கோ’ என்னும் ஒரே சொல்லால் சுட்டினர். தம் பெயரை மாற்றிக்கொள்வது வந்தேறியின் கையில் இருந்தது. பிறர் தம்மைச் சுட்டும் சொல்லை மாற்றுவது அவர் கையில் இல்லை.

அச்சொல்லுக்குப் பின்னால் ஆழ்ந்த மனக்குறை இருந்தது. வேலைச் சான்று காட்ட இயலாத கௌச்சோக்கள் ‘நாடோடிகள்’ எனப் பிடிக்கப்பட்டு எல்லைப்படைக்கு அனுப்பப்பட்டனர். வெளிநாட்டினருக்கோ அப்பணியிலிருந்து விலக்கு உண்டு. குதிரைமேல் திரிந்தவனின் வெளி சுருங்க, உழுபவனின் வயல் விரிந்தது. 1871இல் புவெனோஸ் ஐரிஸ் நகரில் மஞ்சள் காய்ச்சல் 13,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்பழியும் வந்தேறிகள்மீதே சுமத்தப்பட்டது.

அவ்வாண்டில்தான் ஹெரோனிமோ சொலானே என்னும் நாட்டு மருத்துவர் தாந்தில் பகுதியிலுள்ள ஒரு பண்ணையில் தங்கி நோய் தீர்க்கத் தொடங்கினார். மக்கள் அவரைத் ‘தாதா தியோஸ்’, அதாவது ‘அப்பன் கடவுள்’ என்றழைத்தனர்.

1872 சனவரி 1, விடியற்காலை. ஏறத்தாழ ஐம்பது குதிரை வீரர்கள் ஊருக்குள் நுழைந்து ஆயுதங்களைக் கைப்பற்றினர். கிரிங்கோக்களும் ஃபிரீமேசன்களும் ஒழிக என்று முழங்கினர். ஊர்ச் சதுக்கத்தில் ஓர் இத்தாலிய இசைப்பெட்டிக்காரர் முதல் பலியானார். பிறகு ஊருக்கு வெளியே இருந்த பண்ணைகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஒரு பாஸ்க் வணிகரின் கடையில் குழந்தைகளும் தப்பவில்லை. நண்பகலுக்குள் ஏறத்தாழ 36 பேர் இறந்தனர்.

சொலானே அக்கூட்டத்தில் இல்லை. தாக்கியோர் அவர் பெயரைச் சொன்னார்கள், அவரோ மறுத்தார். கைதாகிச் சில நாட்களே ஆன நிலையில், ஓர் இரவு சிறைச் சாளரத்தின் வழியே யாரோ சுட்டதில் சொலானே மடிந்தார். சுட்டவர் யார் என்பது நிறுவப்படவே இல்லை.

உறவினரை இழந்த வந்தேறி ஒருவரின் பழிவாங்கல் என்பது ஒரு ஊகம். கொலைகளைத் தூண்டிய உள்ளூர்ச் செல்வர்கள், சொலானே வாய் திறப்பதற்குமுன் அவரை அடக்கிவிட்டனர் என்பது மற்றொன்று. இரண்டிற்கும் உறுதியான சான்றில்லை. ஆனால் அந்தத் தோட்டாவின் விளைவு தெளிவானது: ஏவியவர் யார் என்ற கேள்வி நீதிமன்றத்தில் விடையின்றி நின்றது. மூன்று கௌச்சோக்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஒருவர் சிறையிலேயே இறந்தார், இருவர் அதே ஆண்டில் சுட்டுக்கொல்லப்பட்டனர். நிலம், கடன், கட்டாயப் படைச்சேர்ப்பு ஆகிய அனைத்தும் ‘மதவெறி’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் புதைக்கப்பட்டன. ‘கிரிங்கோ’ என்ற சொல் மனிதரிடையே இருந்த வேறுபாடுகளை அழித்ததுபோல, ‘மதவெறி’ என்ற சொல் காரணங்களிடையே இருந்த வேறுபாடுகளை அழித்தது.

ஃபூகல் 1875இல் டென்மார்க் திரும்பினார். அவர் டேனிய மொழியில் எழுதிய நினைவுக்குறிப்புகள் அக்காலத் தாந்திலை அறிய இன்றியமையாத சான்றாகும். ஏனைய டேனியர் ஊரை விட்டகலவில்லை. திரேஸ் அர்ரோயோஸ், நெகோசேயா வரை அவர்களின் கோதுமை வயல்கள் பரவின. மர்மக் கதையில் இறுதிப் பக்கம் கொலையாளியைக் காட்டிக் கொடுக்கும். தாந்தில் வரலாற்றில் அப்பக்கம் எழுதப்படவில்லை. எழுதப்படாததால் யார் பயனடைந்தார்கள் என்பதே ஆய்வாளர் எழுப்ப வேண்டிய கேள்வி.