இறுதி ஓவர்ப் பந்துவீச்சு

இறுதி ஓவர்ப் பந்துவீச்சு என்பது வரையறுக்கப்பட்ட ஓவர்களைக் கொண்ட துடுப்பாட்டத்தில் ஓர் ஆட்டப்பகுதியின் கடைசி ஓவர்களில் (பந்துப் பரிமாற்றங்களில்) ஓட்டங்களைக் கட்டுப்படுத்தக் கையாளப்படும் உத்தி ஆகும். இருபது20 போட்டிகளில் பொதுவாக 17 முதல் 20 வரையும், ஒருநாள் போட்டிகளில் 41 முதல் 50 வரையும் உள்ள ஓவர்கள் இவ்வாறு கருதப்படுகின்றன. இக்கட்டத்தில் யார்க்கர் வீசுவதா, மெதுவான பந்து வீசுவதா என்பது நீண்டகால விவாதமாகும்.

யார்க்கர்

மட்டையாளரின் காலடியில் விழும் பந்து யார்க்கர் எனப்படும். மட்டையைப் பந்தின் அடியில் கொண்டுசெல்ல இடமில்லாததால் இதை உயர்த்தி அடிப்பது கடினம். ஆனால் பிழைக்கு இடம் மிகக் குறைவு. சற்று முன்னால் விழுந்தால் எளிதில் அடிக்கத்தக்க பந்தாகும். தரையில் படாமல் சென்றால் முழு எறிபந்தாகும். அது இடுப்புக்கு மேல் சென்றால் முறையற்ற பந்து எனக் கொள்ளப்படும். மட்டையாளர்கள் கோட்டுக்குள் பின்வாங்கி நின்றும், பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிவிட்டும் இதை எதிர்கொள்கின்றனர்.

மெதுவான பந்து

கையின் வேகத்தை மாற்றாமல் பிடியை மட்டும் மாற்றிப் பந்தின் வேகத்தைக் குறைப்பது இதன் அடிப்படை. மட்டையை முன்னதாகவே வீசிவிடும் மட்டையாளர் பிடி கொடுக்க நேரிடும். பந்து நின்று வரும் வறண்ட ஆடுகளங்களில் இது நன்கு பயன்படும். இரவுப் பனியில் பந்து ஈரமானால் பிடி வழுக்கும். மட்டையாளர் முன்கூட்டியே கணித்துவிட்டால் இப்பந்தை அடிப்பது எளிது.

சேலம் மாவட்டமும் நடராஜனும்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராஜன் டென்னிசுப் பந்து ஆட்டங்களின் வழியே வளர்ந்த இடக்கை வேகப்பந்து வீச்சாளர். டென்னிசுப் பந்து இலேசானது, அதிகம் எழும்புவது. ஆகவே காலடியில் வீசுவது அவ்வாட்டங்களில் ஓட்டங்களைக் கட்டுப்படுத்தும் முக்கிய வழிகளுள் ஒன்றாகும். 2020 இந்தியன் பிரீமியர் லீக்கில் ஐதராபாத் அணிக்காக 16 விக்கெட்டுகளை வீழ்த்திய இவர், வெளியேற்று ஆட்டத்தில் ஏ. பி. டி வில்லியர்சை யார்க்கரால் வீழ்த்தினார். 2021 மார்ச் 28 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியின் கடைசி ஓவரில் 14 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது 6 ஓட்டங்களை மட்டுமே கொடுத்தார். 95 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்ற சாம் கரனால் இலக்கை எட்ட முடியவில்லை. இந்தியா 7 ஓட்டங்களால் வென்று தொடரையும் கைப்பற்றியது.

கலப்பு உத்தி

ஆட்டக் கோட்பாட்டின்படி, எதிராளி ஊகிக்கக்கூடிய நல்ல தேர்வு தன் மதிப்பை இழக்கிறது. எனவே இரண்டையும் ஊகிக்க முடியாதவாறு கலந்து வீசுவதே பயன் தரும். 2019 இந்தியன் பிரீமியர் லீக் இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தில் சென்னைக்கு 2 ஓட்டங்கள் தேவைப்பட்டன. இலங்கையின் லசித் மாலிங்க மெதுவான யார்க்கர் ஒன்றை வீசி சர்துல் தாக்கூரை ஆட்டமிழக்கச் செய்தார். மும்பை 1 ஓட்டத்தால் வென்றது.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடுவதா, எறிவதா என்ற விவாதமும் இத்தகையதே. 2015 பெப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் போட்டியில், இலக்குக்கு ஒரு கசம் தொலைவில் இருந்த சியாட்டில் அணி ஓடாமல் பந்தை எறிந்தது. நியூ இங்கிலாந்து அணி அதை இடைமறித்து வெற்றி பெற்றது. ஒரு முடிவின் தரத்தை அதன் விளைவை மட்டும் கொண்டு மதிப்பிடலாமா என்ற கேள்வி இவ்விரு விளையாட்டுகளுக்கும் பொதுவானது.