திருப்படித்தானமும் 1949 உடன்படிக்கையும்: திருவிதாங்கூர்ச் செல்வம் சென்ற வழி

இந்திய ஒன்றியத்தில் சமஸ்தானங்கள் இணைந்த வரலாற்றை எழுதுவோர் பெரிதும் நிலத்தையும் ஆட்சியுரிமையையும் பற்றியே பேசுவர். கருவூலங்களில் இருந்த பொன்னும் மணியும் யாருடையனவாயின என்னும் வினா பின்தங்கிவிடுகிறது. அதனைத் திருவிதாங்கூரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. செல்வம் யார் பெயரில், எந்தக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது என்பதே அதன் பிற்காலக் கதியை முடிவு செய்தது என்பது எம் கருத்து.

மார்த்தாண்ட வர்மர் 1750 சனவரியில் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு ஒப்புவித்தார். திருப்படித்தானம் எனப்படும் இச்செயலுக்குப்பின் அவரும் அவர்தம் வழியினரும் பத்மநாபதாசர் என்ற பெயருடன் இறைவனின் சார்பில் ஆண்டனர். போரில் வென்று சேர்த்த நாட்டிற்கு அறத்தின் ஒப்புதலைப் பெறும் அரசியல் சூழ்ச்சியாகவே இதனைக் கருதுவோர் உண்டு. நோக்கம் எதுவாயினும், நடைமுறையில் ஒரு பயன் விளைந்தது. கோயிலின் உடைமைகள் ஸ்ரீபண்டாரவகை என்னும் தனிக்கணக்கில் நின்றன. அரசின் பொதுவருவாயோடு அவை கலக்கவில்லை.

இருநூறு ஆண்டுகள் கழித்து அத்தனிக்கணக்கே முக்கியமாயிற்று. 1949 சூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. பத்மநாபதாசர் என்ற நிலையில் இராஜப்பிரமுகராக உறுதிமொழி ஏற்கச் சித்திரைத் திருநாள் மகாராஜா தயங்கியதை வி. பி. மேனன் தம் நூலில் பதிந்துள்ளார். மன்னருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் மன்னர் மானியம் வகுக்கப்பட்டது. ஆயினும் உடன்படிக்கையின் எட்டாம் பிரிவே நெடுநாள் நிலைத்தது. அதன்படி ஆண்டுதோறும் 51 இலட்சம் ரூபாய் அரசின் பொதுவருவாயிலிருந்து தேவஸ்வத்திற்கும் ஸ்ரீபண்டாரவகைக்கும் உரியதாயிற்று. பத்மநாபசுவாமி கோயிலின் நிருவாகம் மட்டும் திருவிதாங்கூர் மன்னரின் மேற்பார்வையிலேயே விடப்பட்டது. ஆண்டுத்தொகையைச் சலுகை எனக் கொள்ளல் பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்றோ திவானாக இருந்தபோது அரசு தன்வயப்படுத்திய கோயில் நிலங்களுக்கு அது ஈடு எனலாம்.

இறைவன் பெயர் ஒன்றே செல்வத்தைக் காத்தது என்று இதனின்று முடிவு செய்தல் கூடாது. புதுக்கோட்டைத் தொண்டைமான்களும் பிரகதாம்பாள்தாசர் என்றே தம்மை அழைத்துக்கொண்டனர். அம்மன் உருவம் பொறித்த காசையும் வழங்கினர். ஆயினும் 1948 மார்ச்சு 3 அன்று புதுக்கோட்டை சென்னை மாகாணத்தில் நேரே கரைந்தது. அங்கு இராஜப்பிரமுகர் பதவிக்கும் இடமில்லை. அரண்மனை பின்னாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகமாயிற்று. திருவிதாங்கூருக்குப் பேரம் பேசும் வலிமை இருந்தது. அவ்வலிமை உடன்படிக்கையில் எழுத்தாயிற்று.

ஐதராபாத்து நிஜாமின் நிலை வேறு. அவர் தம் நகைகளைக் குடும்ப அறக்கட்டளைகளில் வைத்தார். நெடிய வழக்குகளுக்குப்பின் இந்திய அரசு 1995-இல் 218 கோடி ரூபாய் கொடுத்து அவற்றை வாங்கியது. 1948-இல் இலண்டன் வங்கியொன்றிற்கு மாற்றப்பட்ட பத்து இலட்சம் பவுண்டு குறித்த வழக்கு 2019-இல்தான் தீர்ந்தது.

1971-இல் இருபத்தாறாம் அரசமைப்புத் திருத்தம் மன்னர் மானியத்தையும் மன்னர் என்ற ஏற்பையும் நீக்கியது. சித்திரைத் திருநாள் 1991-இல் மறைந்தபின் சிக்கல் வெளிப்பட்டது. மன்னர் என ஒருவர் இல்லாதபோது ‘மன்னரின் மேற்பார்வை’ யாருக்குரியது? அவர்தம் இளவலுக்கு அவ்வுரிமை இல்லை, கோயிலை அரசு ஏற்க வேண்டும் எனக் கேரள உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் கணக்கெடுப்புக்கு ஆணையிட, அவ்வாண்டு சூன் இறுதியில் நிலவறைகள் திறக்கப்பட்டன. இலட்சம் கோடி என நாளிதழ்கள் எழுதியது நீதிமன்றத்தின் மதிப்பீடன்று என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. 2020 சூலை 13 அன்று உச்சநீதிமன்றம் அரசகுடும்பத்தின் நிருவாக உரிமையை உறுதி செய்தது. கோயில் பொதுக்கோயிலே, உடைமை இறைவனுடையது, குடும்பத்திற்கு எஞ்சியது பணிசெய்யும் உரிமை.

இவ்வளவு ஒளி ஒரு கோயிலின்மேல் விழ, அதே உடன்படிக்கையின் மறுபாதி இருளில் கிடக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. சுசீந்திரமும் திருவட்டாறும் அவற்றுடன் வந்தன. அரசமைப்பின் 290அ உறுப்பு கேரளம் ஆண்டுக்கு 46,50,000 ரூபாயும், மாற்றப்பட்ட நிலப்பகுதியின் கோயில்களுக்குத் தமிழகம் 13,50,000 ரூபாயும் வழங்க வேண்டும் என்றது. விலைவாசி எத்துணை மடங்கு உயர்ந்தபோதும் அவ்வுறுப்பில் எழுதிய எண் இன்றும் மாறவில்லை. நாஞ்சில் நாட்டு வயல்களின் விளைச்சல் திருவிதாங்கூர்க் கருவூலத்தை நிரப்பியது. அவ்வயல்களின் நடுவே நிற்கும் கோயில்களுக்கு அரசமைப்பு உறுதிசெய்த பங்கு, 1956-இன் ரூபாயில் எழுதிய இத்தொகையே.