போயா வாரமும் திங்கட்கிழமையும்

போயா வாரம் என்பது 1966 முதல் 1971 வரை இலங்கையில் நடைமுறையில் இருந்த வார விடுமுறை முறை. அக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் பௌர்ணமி, அமாவாசை, இரு அட்டமிகள் ஆகிய, பௌத்தர்களின் நான்கு போயா நாட்களே ஓய்வு நாட்களாயின.

பின்னணி: கோள்களின் பெயர் தாங்கிய வாரத்தில் நிலவுக்குரிய நாள் திங்கள். சிங்களத்தில் அது சந்துதா, வடமொழியில் சோமவாரம். சைவர்கள் இந்நாளில், சிறப்பாகக் கார்த்திகை மாதத்தில், சிவனுக்கு விரதமிருப்பர். போயாவோ கிழமையைப் பொறுத்ததன்று, திதியைப் பொறுத்தது. பௌத்தர்களின் கோரிக்கையை ஏற்று, ஆங்கிலேய ஆட்சி 1885இல் வெசாக் பௌர்ணமியைப் பொது விடுமுறையாக்கியது.

சட்டம்: டட்லி சேனநாயக்க அரசு நிறைவேற்றிய 1965ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க விடுமுறைச் சட்டம் 1966 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் வேலை. நிலவின் ஒரு சுற்று ஏறத்தாழ 29.5 நாள் என்பதால், இரு போயாக்களுக்கு இடையே சில வேளை எட்டு நாள் வந்தது. திங்கட்கிழமை சில வாரங்களில் வேலைநாள், சில வாரங்களில் விடுமுறை. ஞாயிறு வழிபாட்டு நாளான கிறிஸ்தவர்களுக்கு இது இடராயிற்று. வெளிநாட்டு வணிகத்தின் வாரத்தோடும் பொருந்தவில்லை. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் ஞாயிறு விடுமுறையை மீட்டது; பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது.

ஊவா மாகாணத் தோட்டங்களில்: பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைத் தேயிலைத் தோட்டங்களில் ஞாயிறு ஓய்வு நாள். சந்தைக்கும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் உரிய நாளும் அதுவே. பண்டாரவளையின் வாரச் சந்தையும் ஞாயிறன்றே கூடுகிறது. திங்கள் விடியலில், தொழிலாளரை வேலைக்குப் பிரித்தனுப்பும் பிரட்டுக் களத்தில் வேலை வாரம் தொடங்கும். பௌர்ணமி திங்களில் விழுந்தால், சனியும் விடுமுறையான நகரத்து அலுவலருக்கு மூன்று நாள் தொடர் ஓய்வு கிடைக்கும். சனியன்றும் கொழுந்து பறிக்கும் தோட்டத்தாருக்கு இரண்டு நாள்தான்.

பேர் விழுந்தால்தான், அதாவது அன்றைய வேலை பதிவானால்தான், சம்பளம் என்ற ஏற்பாட்டில் வாழும் தோட்டக் குடும்பத்துக்கு, ஊதியமில்லாத ஓய்வு ஒரு நாள் வருமானத்தின் இழப்பு. ஆகவே மலையகத்தில் விடுமுறையின் வரலாறு, எந்தக் கிழமை என்ற கேள்வியோடு முடிவதில்லை; அந்நாளுக்குச் சம்பளம் உண்டா என்பதும் அதன் இன்றியமையாத பகுதி.